வளாகத்தில் எது, கிளவுடில் எது?

வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழக அலுவலகங்களில் பணியாற்றும் வாசகர்கள் பலரிடமிருந்து ஒரே பொருளைச் சுற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. சேர்க்கை, தேர்வு, கட்டணம், சம்பளம் ஆகிய நிர்வாகப் பணிகளுக்கான கணினிகளை வளாகத்திலேயே வைத்துக்கொள்வதா, இணையம் வழியே கணினிகளை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனங்களிடம் ஒப்படைப்பதா, இரண்டையும் இணைத்து நடத்துவதா என்பதே அவற்றின் சாரம். தொடர்புள்ள கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். அனுப்பியவர்களின் பெயர்களை விடுத்துப் பொறுப்புகளை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மின்னஞ்சலும் சேர்க்கை விண்ணப்பத் தளமும் வெளி நிறுவனங்களிடம் உள்ளன. மாணவர் பதிவேடும் சம்பளப் பட்டியலும் வளாகத்துச் சர்வர்களில் உள்ளன. அப்படியானால், எல்லோரும் பேசுகிற ‘கலப்பு கிளவுட்’ முறையில்தான் நாங்கள் ஏற்கெனவே இருக்கிறோமா? – பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர்

பதில்: பேச்சு வழக்கில் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், சரியான பொருளில் இன்னும் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையையே இத்துறையினர் இன்றும் எடுத்தாள்கிறார்கள். கிளவுட் அமைப்புகளைச் சொந்தம், குழு, பொது, கலப்பு என அது 4 வகையாகப் பிரிக்கிறது. தனித்தனியாக இயங்கும் இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள அமைப்புகள், தரவும் செயலிகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும்படி தொழில்நுட்பத்தால் பிணைக்கப்பட்டிருந்தால்தான் அது கலப்பு முறை. வரையறையின் உயிர் அந்தப் ‘பிணைப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. பாதி இங்கும் பாதி அங்கும் இருப்பது மட்டும் போதாது.

பிணைப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் அலுவலகத்திலேயே பார்க்கலாம். விண்ணப்பத் தளத்திலிருந்து தேர்வானோர் பட்டியலை எக்செல் ஃபைலாக இறக்கி, பென் டிரைவில் எடுத்து வந்து, மாணவர் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். விண்ணப்பத்தில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். பதிவேடு அதை முன்னால் கேட்கும். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பெயர்களைக் கையால் மாற்றுகிறார். அவற்றுள் ஒன்றில் ஓர் எழுத்து பிசகினால், அந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பட்டச் சான்றிதழ் அச்சாகும் நாளில் எழுந்து நிற்கும். அப்போது அலைவது அந்த மாணவர்தான். ஆகவே கலப்பு முறைக்கு மாறுகிறோம் என்று தீர்மானிக்கும் பல்கலைக்கழகம் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்தக் கைமாற்றத்தை. அதைத் தொடாமல் சர்வர்களை மட்டும் இடம் மாற்றினால் செலவு கூடும். அலுவலகத்தின் துன்பம் அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்களிடம் சிறிதும் பெரிதுமாகப் பல செயலிகள் உள்ளன. எதைக் கிளவுடுக்கு அனுப்பலாம், எதை வளாகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய ஏதேனும் முறை உண்டா? – கணினி மையப் பொறுப்பாளர்

பதில்: எந்த நிறுவனத்தின் கிளவுட் என்று தேடத் தொடங்கும் முன், ஒவ்வொரு சேவையின் சுமையும் ஆண்டு முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பல்கலைக்கழக நிர்வாகத்தின் தனித்தன்மை அந்தப் படத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தின் கடைசி நாள், பாடத்தேர்வு திறக்கும் நிமிடம், கட்டணத்தின் இறுதித் தேதி, தேர்வு முடிவு வெளியாகும் மாலை என்று ஆண்டில் ஒரு சில பொழுதுகள்தான் உச்சம். மற்ற நாட்களில் அதே இயந்திரம் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த உச்சத்துக்காக வாங்கிய சர்வர் ஆண்டு முழுவதும் மின்சாரம் குடிக்கிறது. சாதாரண நாட்களுக்காக வாங்கிய சர்வரோ உச்ச நாளில் படுத்துவிடுகிறது. இப்படி மேடும் பள்ளமுமான சுமை உள்ள சேவைகளுக்குக் கிளவுட் இயல்பாகவே பொருந்தும்.

என்னைக் கேட்டால், முதலில் வெளியே அனுப்ப வேண்டியது தேர்வு முடிவு வெளியீட்டைத்தான். ஏனென்றால் அதைப் பிரிப்பது மிக எளிது. முடிவு தயாரானபின் ஒரு மாணவரின் பக்கம் ஒவ்வொரு நிமிடமும் மாறிக்கொண்டிருப்பதில்லை. பல்லாயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள், யாரும் அதில் எழுதுவதில்லை. ஆகவே மதிப்பெண் பதிவேட்டை வளாகத்திலேயே பூட்டி வைத்துக்கொண்டு, அதிலிருந்து படிக்க மட்டும் உரிய நகலை ஒருவழியாக வெளியே தள்ளினால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் உரிய பக்கத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், முடிவு வெளியாகும் நேரத்தில் தரவுத்தளத்தைத் தொட வேண்டிய தேவையே எழாது. பதிவு எண்ணை மட்டும் கேட்டு மதிப்பெண்ணைக் காட்டிவிடக் கூடாது என்பதில் கவனம் தேவை. எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போட்டு வகுப்பு முழுவதின் முடிவையும் யாரும் எடுத்துவிடலாம். பக்கத்துக்குள் நுழைய மாணவருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விவரமாவது வேண்டும். வெளியிலுள்ள அந்த நகலை ஒருவர் சிதைத்துவிட்டாலும் மூலப் பதிவேட்டுக்கு ஒன்றும் ஆகாது, மீண்டும் தள்ளிக்கொள்ளலாம்.

சேர்க்கை விண்ணப்பமும் வெளியே போகலாம். ஆனால் அதில் புகைப்படம், சான்றிதழ் நகல், குடும்ப வருமானம் என்று பலவகை விவரங்கள் சேர்கின்றன. சேர்க்கை முடிந்ததும் இடம் பெற்றவர்களின் விவரங்களை வளாகத்துக்குக் கொண்டுவந்து, இடம் பெறாதவர்களுடையவற்றை விதிப்படி எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டுமோ அதன்பின் அழித்துவிட வேண்டும். இந்த அழிக்கும் வேலையைச் செய்ய யாருக்கும் நினைவு வருவதில்லை. ஆகவே அதைத் தேதி குறித்த தானியங்கிப் பணியாகவே அமைத்துவிடுவது நல்லது.

சம்பளப் பட்டியல் மாதம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரே அளவில் நடக்கும் வேலை. ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் கிளவுடின் பெரிய பயன் கிட்டாது, அவசரப்பட வேண்டாம். வாயிற்கதவுத் திறப்பு, வருகைப் பதிவு, அடையாள அட்டை அச்சு போன்றவை வளாகத்துக் கருவிகளோடு பேசுபவை. வெளி இணைப்பு அறுந்தாலும் அவை ஓட வேண்டும். மின்னஞ்சலை இன்று சொந்தமாக நடத்தப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குக் காரணமே இல்லை. வினாத்தாளைப் பொறுத்தவரை, அது வளாகமா கிளவுடா என்ற விவாதத்துக்கே வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொது நிர்வாக வலையமைப்பிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்ட தனி ஏற்பாட்டில்தான் அது இருக்க வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் எது, அதன் பொறுப்பாளர் யார் என்று எழுதி, பதிவாளரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் நிதி அலுவலரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். மாணவரின் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பதிவாளர் அலுவலகப் பதிவேடு மூலம். மதிப்பெண்ணுக்குத் தேர்வுப் பிரிவு. கட்டண நிலுவைக்கு நிதிப் பிரிவு. மற்ற எல்லா இடங்களிலும் இருப்பவை நகல்கள். நகலில் திருத்தம் செய்யக் கூடாது. மூலத்தில் திருத்தினால் நகல்கள் தாமாகவே மாற வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் கலப்பு முறைக்குப் போன இடங்களில், விடுதி அலுவலகத்தில் ஒரு முகவரியும் நூலகத்தில் இன்னொரு முகவரியும் இருக்கும். எது சரி என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார். மூலம் எங்கே இருக்கிறது என்று தெளிவாகிவிட்டால், இயந்திரம் எங்கே இருக்கிறது என்பது பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம்.

கேள்வி: கட்டணச் செயலியைக் கிளவுடுக்கு மாற்றினோம். தரவுத்தளத்தைப் பாதுகாப்பு கருதி வளாகத்திலேயே விட்டுவிட்டோம். இப்போது அலுவலகத்தில் ஒரு திரை திறக்க அரை நிமிடம் ஆகிறது. எங்கள் இணைப்பு விநாடிக்கு 1 ஜிகாபிட். இன்னும் வேகமான இணைப்பு வாங்கினால் சரியாகுமா? – மென்பொருள் உருவாக்குநர்

பதில்: ஆகாது. உங்கள் சிக்கல் இணைப்பின் அகலத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். கிளவுட் மையம் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்கு ஒளிக்கு மட்டுமே 10 மில்லி விநாடி ஆகும். வழியிலுள்ள ரவுட்டர்கள், ஃபயர்வால், குறியாக்கம் எல்லாம் சேர்ந்து 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறைக்குள் இருந்தபோது அதே போக்குவரத்து அரை மில்லி விநாடியில் முடிந்திருக்கும்.

இப்போது அந்தத் திரை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு துறையின் 200 மாணவர்களின் நிலுவைப் பட்டியலைக் காட்ட, அது முதலில் மாணவர் எண்களை வாங்குகிறது. பின்பு ஒவ்வொரு மாணவருக்கும் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, நூலகம், உதவித்தொகை, அபராதம் என்று ஏறக்குறைய 10 தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. மொத்தம் 2,000 கேள்விகள். அரை மில்லி விநாடி வீதம் அது 1 விநாடி, யாருக்கும் தெரியாது. 15 மில்லி விநாடி வீதம் அது 30 விநாடி. நீங்கள் சொல்லும் அரை நிமிடம் இதுதான். கோப்பறை பக்கத்து மேசையில் இருந்தவரை ஒவ்வொரு தாளாக எழுந்துபோய் எடுத்தாலும் வேலை நடந்தது. கோப்பறை அடுத்த கட்டடத்துக்குப் போனபின்பும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் நாள் முழுதும் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும். நடைபாதையை அகலமாக்குவதால் பயனில்லை.

மருந்து இரண்டு. உடனடியாகச் செய்யக்கூடியது, 2,000 சிறு கேள்விகளை இரண்டு மூன்று பெரிய கேள்விகளாகச் சேர்ப்பது; தரவுத்தளம் ஒரே மூச்சில் முழுப் பட்டியலையும் தந்துவிடும். நிலையானது, வெட்டும் இடத்தையே மாற்றுவது. செயலிக்கும் அதன் தரவுத்தளத்துக்கும் நடுவில் வெட்டாதீர்கள். அவை ஓயாமல் பேசிக்கொள்பவை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள் அல்லது சேர்த்தே அனுப்புங்கள். கட்டணப் பிரிவுக்கும் தேர்வுப் பிரிவுக்கும் இடையே வெட்டலாம். அவை நாளொன்றுக்குச் சில செய்திகளையே பரிமாறிக்கொள்கின்றன.

அப்படி வெட்டிய இடத்தில் நேரடி அழைப்புகளுக்குப் பதிலாகச் செய்தி வரிசை ஒன்றை வையுங்கள். “இந்த மாணவர் கட்டணம் செலுத்திவிட்டார்” என்ற செய்தி வரிசையில் விழுகிறது. வளாகத்து இணைப்பு அறுந்திருந்தால் அங்கேயே காத்திருந்து, இணைப்பு வந்ததும் போய்ச் சேருகிறது. இத்தகைய வரிசைகளில் ஒரே செய்தி இருமுறை வருவது உண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மாறாத தனி எண் ஒன்றைத் தந்து, அந்த எண் முன்பே பதிவாகியிருந்தால் இரண்டாம் முறை வந்ததைத் தள்ளிவிடும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒருமுறை கட்டிய மாணவருக்கு இரண்டு ரசீதுகள் போகும். மாலையில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் எழுத்தர் அந்த வித்தியாசத்தைத் தேடி இரவுவரை உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: கிளவுடுக்கு மாறினால் செலவு குறையும் என்கிறார்கள். உண்மையா? – நிதி அலுவலர்

பதில்: சில சேவைகளுக்குக் குறையும், சிலவற்றுக்குக் கூடும். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதில் 300 மணி நேரம் மட்டும் தேவைப்படும் கூடுதல் சர்வர்களை வாடகைக்கு எடுப்பது சிக்கனம். 8,760 மணி நேரமும் ஒரே சீராக ஓடும் சர்வரை, ஏற்கெனவே அறையும் ஆளும் உள்ள பல்கலைக்கழகம் சொந்தமாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு. ஒப்பிடும்போது வளாகத்துச் செலவில் குளிர்சாதனம், யுபிஎஸ் மின்கலம், பழுதுபார்ப்பு ஒப்பந்தம், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். அதேபோல் கிளவுட் பக்கத்தில், தரவை வெளியே எடுக்கும்போது விதிக்கப்படும் கட்டணத்தையும், சோதனைக்காகத் தொடங்கி அணைக்க மறந்த இயந்திரங்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எந்தப் பிரிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிவரை என்ற குறிச்சீட்டு இல்லாமல் தொடங்கவே முடியாதபடி விதி வையுங்கள். தானாகப் பெருகும் சேவைகளுக்கு உச்ச வரம்பு வையுங்கள்.

விலை நிலையாக இருக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், அதை நிறுத்தி ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு விதிக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ஏற்கெனவே பயன்படுத்திவந்தவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்று எண்ணி ஆய்வுத் தரவையெல்லாம் அங்கே குவித்துவைத்த பல்கலைக்கழகங்கள் திடீரென்று இடம் தேட வேண்டியதாயிற்று. வெளியே எடுப்பதும் ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. 10 டெராபைட்டை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இறக்க, இணைப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்கினாலும் 9 நாட்களுக்கு மேல் ஆகும்.

கேள்வி: மாணவர் விவரங்கள் வளாகத்துக்குள் இருந்தால்தான் பாதுகாப்பு என்று எங்கள் ஆட்சிக் குழுவில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். கிளவுடில்தான் பாதுகாப்பு என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். யார் சொல்வது சரி? – துணைப் பதிவாளர்

பதில்: இரு தரப்பும் ஆதாரமாகக் கொள்ள வேண்டிய நிகழ்வுகள் சில நடந்திருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் விவாதம் வேறு திசைக்குத் திரும்பும்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பர் 23 அன்று பிணைத்தொகை கேட்கும் தீம்பொருள் 267 சர்வர்களைப் பூட்டிவிட்டது. உள்ளே நுழைந்த வழி அக்டோபரில் ஓர் ஊழியர் திறந்த போலி மின்னஞ்சல். இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குபவர்கள் உள்ளேயே உலவியிருக்கிறார்கள். முக்கியமான சில காப்புநகல்களும் அதே வலையமைப்பில் எட்டும் தொலைவில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. கடைசியில் பல்கலைக்கழகம் 30 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 2 லட்சம் யூரோ. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஏதும் இல்லை. மீக்கணினியின் காப்புநகல் நிரலில் செய்த மாற்றம் ஒன்று பிசகி, சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவை, 3 கோடிக்கும் மேற்பட்ட ஃபைல்களை அழித்துவிட்டது. இரண்டும் வளாகத்துக்குள் நடந்தவை.

மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் உயர்கல்வித் துறை ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் யூனிசூப்பர் நிறுவனம் கூகுள் கிளவுடில் இயங்கிவந்தது. 2024 மே மாதத்தில் கிளவுட் தரப்பில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அதன் சொந்த கிளவுட் சூழல்களில் ஒன்று நீக்கப்பட்டது. சேவை ஒரு வாரத்துக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டிருந்தது. நீக்கத்துக்கு ஆளாகாமல் தனியே இருந்த நகல்களும் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த காப்புநகல்களும் இருந்ததால் மீள முடிந்தது.

ஆகவே ஆட்சிக் குழு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரே ஒரு பிழையோ, ஒரே ஒரு கடவுச்சொல் திருட்டோ, மூலத்தையும் காப்புநகலையும் சேர்த்து அழிக்க முடியுமா? முடியும் என்றால், எங்கே இருந்தாலும் அது பாதுகாப்பில்லை. கலப்பு முறையின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. 3 நகல்கள், 2 வகை ஊடகங்கள், அவற்றில் 1 வேறிடத்தில் என்ற பழைய 3-2-1 விதியை அது எளிதாக்குகிறது. வளாகத்து மாணவர் பதிவேட்டின் நகலைக் கிளவுடில், குறிப்பிட்ட காலம்வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாத பூட்டோடு வைக்கலாம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வளாகத்துப் பயனர் பட்டியலோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். கிளவுடிலுள்ள சேவையின் நகலை வளாகத்துக்கு இறக்கி வைக்கலாம். குறியாக்கத் திறவுகோலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். பூட்டிய நகல் பத்திரமாக இருந்து, திறவுகோல் எரிந்த சர்வரோடு போய்விட்டால் நகலால் பயனில்லை.

காப்புநகல் எடுத்தோம் என்ற அறிக்கையை நம்ப வேண்டாம். பருவத்துக்கு ஒருமுறையாவது, ஏதேனும் ஒரு பழைய மாணவரின் முழுப் பதிவையும் நகலிலிருந்து வெற்று இயந்திரத்தில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்தத் தேதிவரை விவரம் கிடைத்தது என்ற இரண்டையும் துணைவேந்தருக்கு எழுத்தில் தரச் சொல்லுங்கள். கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் கூடாது. கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவை அவர்கள் பொறுப்பு. யாருக்கு எந்த அனுமதி, எந்தச் சேமிப்பிடம் பொதுப் பார்வைக்குத் திறந்திருக்கிறது என்பவை பொதுவாக வாடிக்கையாளர் பொறுப்பே.

கேள்வி: கிளவுட் நிறுவனம் 99.9 சதவீதம் சேவை உறுதி தருகிறது. அது போதாதா? – நிதிப் பிரிவு அலுவலர்

பதில்: 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். ஆனால் கலப்பு முறையில் ஒரு சேவை நடக்கப் பல கண்ணிகள் சேர்ந்து இயங்க வேண்டும். கிளவுட் 99.9, வளாகத்துச் சர்வர் 99.9, நடுவிலுள்ள இணைப்பு 99.5 என்று கொண்டால், மூன்றையும் பெருக்கக் கிடைப்பது சுமார் 99.3; அதாவது ஆண்டுக்குச் சுமார் 61 மணி நேரம் சேவை நிற்கலாம். உறுதி மீறப்பட்டால் கிடைக்கும் இழப்பீடும் வழக்கமாக வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதோடு சரி. கட்டண இறுதித் தேதியன்று சேவை நின்றால் அபராதமின்றித் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே ஆணையாகப் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஒரே கடவுச்சொல்லால் எல்லாச் சேவைகளுக்குள்ளும் நுழையும் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்ன? – வலையமைப்பு நிர்வாகி

பதில்: செய்யத்தான் வேண்டும். கல்வி உலகில் இதற்கான வழி நன்கு பண்பட்டிருக்கிறது. பயனரின் அடையாள உறுதியை ஓர் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்காக 2005இல் வெளியான சாம்ல் 2.0 தரநிலையின் மேல் அமைந்த ஷிபொலெத் மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன, நாடுகளின் கல்விக் கூட்டமைப்புகளை எடுகெய்ன் என்ற பன்னாட்டு ஏற்பாடு இணைக்கிறது. இந்த முறையில் கடவுச்சொல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போவதில்லை. “இவர் எங்கள் மாணவர்தான்” என்ற கையொப்பமிட்ட உறுதிமொழி மட்டுமே வெளிச் சேவைக்குச் செல்கிறது.

ஆனால் அடையாளம் சரிபார்க்கும் அந்த ஒரே சர்வர் வளாகத்தில் இருந்து, வளாகத்தில் மின்சாரம் போனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கிளவுட் சேவைகளுக்குள்ளும் யாராலும் நுழைய முடியாது. ‘கணினிகள் இயங்கவில்லை, அலுவலகம் நாளை திறக்கும்’ என்று அறிவிக்கக்கூட முடியாமல் போகும். எனவே அந்தச் சர்வரின் இரண்டாம் பிரதி ஒன்று வளாகத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். பொது நுழைவைச் சாராத அவசரக் கணக்குகள் இரண்டை உருவாக்கி, அவற்றின் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பதிவாளரிடம் வையுங்கள்; அவை பயன்படுத்தப்பட்டால் உடனே எச்சரிக்கை போகட்டும்.

இன்னொன்று, கணக்கின் முடிவு. பணி ஓய்வு பெற்றவரின் சம்பளம் மறுமாதமே நின்றுவிடும்; ஆனால் அவருடைய மென்பொருள் அனுமதி ஆண்டுக்கணக்கில் தொடரும். தற்காலிக ஊழியர்களுக்கு இது இன்னும் மோசம். பணியாளர் பிரிவின் பதிவேட்டில் விலகல் தேதி ஏறியதும் எல்லா அனுமதிகளும் தாமாகவே அடங்க வேண்டும். ஆராய்ச்சி மாணவராகவும் பகுதிநேர விரிவுரையாளராகவும் இருப்பவருக்கு ஒரு பொறுப்பு முடிந்ததால் மற்றொன்றும் அறுபட்டுவிடக் கூடாது. கணக்கு ஒன்று, பொறுப்புகள் தனித்தனி என்று அமைத்தால் இது தீரும்.

கேள்வி: இந்த மாற்றத்துக்குப் பிறகு கணினி மைய ஊழியர்களுக்கு வேலை இருக்குமா? – கணினி மைய உதவியாளர்

பதில்: இருக்கும், கலப்பு முறையில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டாகின்றன, அவற்றின் இணைப்பு மூன்றாவதாகிறது. வட்டு மாற்றுவதும் கேபிள் இழுப்பதும் குறையும். அனுமதிகளைத் தணிக்கை செய்வது, நிரல் வழியே இயந்திரங்களை அமைப்பது, மாதப் பட்டியலை வாசித்து வீண் செலவைக் கண்டுபிடிப்பது போன்றவை கூடும். இவற்றைக் கற்க அலுவல் நேரத்திலேயே நேரமும் பயிற்சியும் தருவது நிர்வாகத்தின் கடமை. விண்ணப்பத் தளத்தின் எந்தப் பெட்டி பதிவேட்டின் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று அறிந்தவர் உங்களைப் போன்றவர்தான். அந்த அறிவை வெளி ஆலோசகர் எவரும் கொண்டுவர முடியாது. திட்டக் குழுவில் உங்களுக்கு இடம் கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எவற்றை வலியுறுத்த வேண்டும்? – சட்டப் பிரிவு அலுவலர்

பதில்: விலகும் வழியை முதலில் எழுதுங்கள். தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஃபைல்கள் மட்டும் போதாது; எந்த அட்டவணை எதனோடு எப்படித் தொடர்புடையது என்ற விளக்கமும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கிடைத்தது வெறும் எண்களின் குவியல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்து, கிளவுட் நிறுவனத்தை மாற்றிக்கொள்வதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அறவே நீக்குகிறது. அச்சட்டம் செல்லாத இடங்களில் இதே நிபந்தனையைப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

தரவு எந்த நாட்டில் இருக்கும், காப்புநகலும் அங்கேயே இருக்குமா, துணை ஒப்பந்தக்காரர்கள் யார், அத்துமீறல் நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்வார்கள், யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற குறிப்பு எத்தனை காலம் காக்கப்படும், அது உங்கள் கைக்கு வருமா என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பட்டம் பெற்றவர் நாற்பது ஆண்டு கழித்து மதிப்பெண் சான்றின் நகல் கேட்டு வரலாம். ஒப்பந்தங்களோ மூன்று ஐந்து ஆண்டுகளுக்கானவை. எனவே பட்டப் பதிவேட்டை மட்டும், எந்த மென்பொருளும் இல்லாமல் வாசிக்கக்கூடிய எளிய வடிவில், ஆண்டுதோறும் பட்டமளிப்பு முடிந்ததும் வளாகத்துக்கு இறக்கித் தரும் பணியை ஒப்பந்தத்தின் தனிப் பிரிவாகச் சேர்த்துவிடுங்கள்.